காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கு லாபம்?
'ரேமில் காலியிடம் குறைந்தால் கணினி திணறுகிறது என்று பொருள், கேஷை அடிக்கடி துடைத்துவிடுங்கள்' என்று ஒரு கணினிக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கேஷ் என்பது, டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை மறுபடி சட்டென்று எடுக்க ரேமில் வைத்திருக்கும் நகல். பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் சின்னக் கடை என்னுடையது, லினக்ஸ் கணினி. இதே யோசனையைக் கேட்டு மணிக்கொரு முறை கேஷைக் காலி செய்து பார்த்தேன். காலையில் ஒருமுறை திறந்த பிள்ளையார் படத்தையே மதியமும் ஹார்டு டிஸ்க் கரகரவென்று புதிதாகத் தேடியதுதான் மிச்சம். டிஸ்க்கிலிருந்து படித்து, மாற்றாமல் வைத்திருக்கும் பக்கத்தை (ரேமின் ஒரு சின்னத் துண்டு), இடம் தேவைப்பட்டால் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி, எங்கும் எழுதாமலேயே காலி செய்துவிடும். மூலம்தான் டிஸ்க்கில் இருக்கிறதே! திருத்திய பக்கத்தை மட்டும்தான் முதலில் எழுதியாக வேண்டும். ஆகவே சும்மா கிடக்கும் இடத்தை மட்டும் காட்டும் 'ஃப்ரீ' என்ற எண்ணை விட்டுவிட்டு, கேஷிலிருந்து விடுவிக்கக்கூடியதையும் சேர்த்துக் காட்டும் 'அவைலபிள்' என்பதைப் பாருங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், சேமித்த மறுகணமே கோப்பு டிஸ்க்குக்குப் போய்விடும் என்கிறார். அதுவும் இல்லை. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் திருத்திய பக்கம் 30 நொடி வரை ரேமிலேயே காத்திருக்கலாம். 5 நொடிக்கு ஒருமுறை கெர்னல் விழித்து, நாள்பட்டவற்றைச் சேர்த்து எழுதும். காசிமேட்டுப் படகு ஒவ்வொரு மீனுக்கும் கரைக்குத் திரும்பினால் டீசலுக்குக் கட்டுமா? ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் போனதுதான். போன கோடையில், சேமித்த பத்து நொடிக்குள் மின்வெட்டு. மீண்டும் திறந்தபோது பத்திரிகைக் கோப்பின் அளவு 0 பைட். மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதல் முக்கியமான கோப்பென்றால் 'சிங்க்' கட்டளை (ரேமில் காத்திருப்பதை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்வது) கொடுத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறேன்.