அப்பா நட்ட இரண்டு ஏக்கர் கிராண்டிஸ்

நில மாற்றத்தைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இருவர் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் மலையூரான வட்டவடையின் செயற்கைக்கோள் படத்தை மடிக்கணினியில் திறந்து காட்டினார்கள். கோவிலூருக்கு மேலே ஒரு சரிவு முழுக்கக் கரும்பச்சை. "இங்கே காடு கூடியிருக்கிறது" என்றார் ஒருவர். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அது காடு இல்லை தம்பி, கிராண்டிஸ். அதில் இரண்டு ஏக்கர் நான் நட்டது" என்றார். கிராண்டிஸ் என்பது யூகலிப்டஸ், அதாவது தைல மரத்தில் ஒரு வகை.

அன்றிலிருந்து அந்த இரண்டு ஏக்கர் மனதை விட்டு அகலவில்லை.

அப்பாவைப் பெற்ற ஐயா காலத்தில் அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் விளைந்தன. ஒரு வருடம் பூண்டு விலை படுத்துவிட்டது. அண்ணன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனான். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. கிராண்டிஸுக்குக் களையெடுக்க வேண்டாம், காட்டுமாடு தின்னாது, எட்டுப் பத்து வருடத்தில் காகித ஆலைக்கு வெட்டிக் கொடுக்கலாம், வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும். கடன்பட்ட எந்த விவசாயியும் அதைத்தான் செய்திருப்பார். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சரிவுக்குக் கீழே ஒரு ஊற்று இருந்தது. அப்பத்தா குடம் வைத்து வைத்தே அங்கிருந்த கல்லில் வழவழவென்று ஒரு குழி விழுந்திருந்தது. சித்திரையிலும் அந்தக் குழியில் நீர் தளும்பும். மரங்கள் உயர உயர ஊற்று மெலிந்தது. பிறகு மழைக்காலத்தில் மட்டும் கசிந்தது. பிறகு அதுவும் நின்றது. இப்போது அந்தக் கல்லைத் தொட்டால் கருத்துக் காய்ந்த பாசி பொடியாக உதிர்கிறது. குழி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் மலைக்கு இயற்கை கொடுத்தது புல்மேடும், மடிப்புகளில் சோலை என்னும் அடர்ந்த மலைக்காடும். புல்லும் அதன் அடிமண்ணும் மழையைப் பிடித்து வைத்து, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். வேகமாக வளரும் யூகலிப்டஸ் தன் வளர்ச்சிக்கே அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பக்கத்துப் பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. பெரும்பகுதி தைலம், வாட்டில், பைன் போன்ற மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போயிருக்கிறது. மரம் நட்டாலே புண்ணியம் என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். புல்வெளியில் மரம் நடுவது அந்த இடத்தை அழிப்பதுதான்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. இந்தப் பக்கத்து ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் அமராவதி அணைக்குப் போகின்றன. அமராவதி காவிரியில் சேரும் ஆறு. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்குப் பாம்பாற்றில் 3 டி.எம்.சி. ஒதுக்கியது. இரண்டு மாநிலமும் டி.எம்.சி. கணக்கில் பேசுகின்றன. அந்த நீர் பிறக்கும் மேட்டில் என்ன நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உடுமலையில் வாய்க்கால் பார்த்து நிற்கும் விவசாயிக்கும் எங்கள் கிராண்டிஸில் நட்டம் இருக்கிறது.

புல் போனதும் காட்டுமாடு எங்கே போகும்? எங்கள் முட்டைக்கோஸுக்கு வருகிறது. இராத்திரி தகரம் தட்டிக் காவல் இருக்கிறோம். அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரரும் விவசாயத்தைக் கைவிட்டுக் கிராண்டிஸ் வைத்தார். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது.

அதனால்தான் அந்தத் தம்பிகளிடம் கேட்டுக்கொண்டேன்: படத்தில் நிறம் மாறிய வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த வருடம் பூண்டு என்ன விலை, கூலி எவ்வளவு, எந்த வீட்டிலிருந்து யார் வெளியூர் போனார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்கு மனப்பாடம். காரணம் தெரியாமல் எல்லைக்கோடு போட்டால் என்ன ஆகும் என்பதை 2006இல் எங்கள் பக்கத்தில் குறிஞ்சிச் செடிக்காகக் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். குறிஞ்சி 2018இல் மறுபடி பூத்து முடிந்த பிறகும் அந்த எல்லைக்குள் வந்த நிலங்களின் பட்டா வழக்கு முடியவில்லை.

மீட்க முடியாது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பழத்தோட்டம் என்ற இடத்தில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அன்னிய மரங்களை அகற்றி, சரிவில் புல்லை வளர்த்திருக்கிறார்கள். நாங்களும் கீழ்ப்பக்கம் அரை ஏக்கரை எடுத்துவிட முடிவு செய்துவிட்டோம். வெட்டினால் மட்டும் போதாது. கட்டையை வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு இயந்திர வாடகை இருக்கிறது. வெட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. நடும்போது யாரும் எங்களிடம் ஒரு தாள் கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் மாணவர்கள் மறுபடி வருகிறார்கள். மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் அவர்களை அந்தக் கல்லுக்கு அழைத்துப் போகப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.