ஆமாம், எங்கள் வண்டியில் சன்ரூஃப் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி கிரகப்பிரவேசத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கே பந்தியில்தான் இருந்தீர்கள். மீதிப் பேருக்கு அன்று இரவே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "இவ்வளவு பணம் போட்டும் சன்ரூஃப் இல்லாத வண்டியா எடுத்தீர்கள்?" என்று உரக்கக் கேட்டு, சுற்றி நின்றவர்களையும் சிரிக்க வைத்த பெரியவருக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் வாக்குவாதம் எதற்கு? இங்கே சொல்லலாம் அல்லவா?

ஆமாம், எங்கள் புது காரில் சன்ரூஃப், அதாவது திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்ததால் இல்லை.

நாங்கள் எடுத்தது நடு வேரியன்ட், அதாவது ஒரே மாடலில் வசதிக்கு ஏற்ப விலை ஏறும் படிகளில் நடுவில் உள்ளது. ஆறு ஏர்பேக், வளைவில் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு, பின் இருக்கையில் மூன்று பேருக்கும் தோளோடு சேர்த்துப் போடும் சீட் பெல்ட், குழந்தை இருக்கையைப் பூட்ட ஐசோஃபிக்ஸ், பின்னால் இருப்பவர்களுக்கு ஏசி துவாரம், ரிவர்ஸ் கேமரா. இவ்வளவும் அதிலேயே வந்துவிடுகின்றன. அதற்கு மேல் உள்ள படிகளில் கூடுவது என்ன? கண்ணாடிக் கூரை, அலாய் சக்கரம், இன்னும் பெரிய திரை, நிறம் மாறும் விளக்கு, இருக்கைக்குத் தோல் மாதிரி ஓர் உறை. உயிரைக் காப்பவை எந்தப் படியில் முடிகின்றனவோ அங்கே நிறுத்திக்கொண்டேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

வேலூர்க்காரர்களுக்கே வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கோடை முழுவதும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே உள்ள திரையை இழுத்து மூடித்தான் வைக்கப்போகிறோம். மூடி வைப்பதற்கென்றே தனி விலை கொடுத்து ஒரு ஜன்னல்! மூட்டுவலியோடு பின்னால் உட்காரும் என் மாமியாருக்கு வானம் தெரிய வேண்டாம், முகத்தில் காற்றுப் பட்டால் போதும்.

குழந்தைகள் ஆசைப்படுகிறார்களே என்பீர்கள். தெரியும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும், ஓடும் வண்டியின் கூரை வழியாகப் பிள்ளைகள் இடுப்புவரை வெளியே நின்றுகொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன். முன்னால் போகும் லாரி திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பிள்ளை எங்கே போய் விழும் என்று அப்பாவுக்குத் தோன்றுவதில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது விலை உயர்ந்த வண்டியில்தான். அவர் பின் இருக்கையில், பெல்ட் போடாமல் இருந்தார் என்று நாடே பேசியது. நம் ஊரில் அதற்குப் பிறகும் பின் இருக்கை பெல்ட் உறைக்கு அடியில் புதைந்துதான் கிடக்கிறது. ஆனால் கூரை மட்டும் திறக்க வேண்டும்!

கணக்கும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை உயர்த்தியபோது, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம் என்று ஆக்கினார்கள். ஷோரூம் விலை 9.80 லட்சம் என்றால் வரி ஏறக்குறைய 1.27 லட்சம், மேல் வேரியன்ட் 11.80 லட்சம் என்றால் 2.12 லட்சம். விலையில் இரண்டு லட்சம் போக, வரியில் மட்டும் 85 ஆயிரம் கூடுகிறது. இன்ஷூரன்ஸும் அதற்கேற்ப ஏறும். வட்டியோடு இதைச் சுமக்கப்போவது சிரித்தவர்கள் அல்லர்.

"விற்கும்போது மேல் வேரியன்டுக்குத்தான் மதிப்பு" என்று ஒருவர் கட்டாயம் வருவார். விற்பதற்காக நான் வண்டி வாங்கவில்லை, போதுமா? "சில நிறுவனங்கள் ஆறு ஏர்பேக்கை மேல் வேரியன்டில்தானே வைக்கின்றன?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட இரண்டு வண்டிகளை அதற்காகவே பட்டியலிலிருந்து அடித்தேன். மேல் வேரியன்டில் வரும், வண்டியைச் சுற்றிலும் காட்டும் கேமராவை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன், லாங் பஜார் நெரிசலில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதற்காக இரண்டு லட்சமா? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டால் கை கொடுப்பது ஹில் ஹோல்டுதான், கூரை அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு இன்றும் தூக்கம் வராது. கடன் என் பெயரில், தவணை போவது என் சம்பளத்திலிருந்து. வேரியன்ட் அட்டவணைகளை அச்செடுத்து, வரி வரியாகக் கோடு போட்டுப் படித்தவளும் நான்தான். ஷோரூமில் இஎஸ்சி பற்றி நான் கேட்டேன். விற்பனையாளர் என் கணவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். "மேடம் நிறம் பார்த்துக்கொண்டிருக்கட்டும், சார்" என்றார். ஓட்டிப் பார்க்கச் சாவியைக்கூட அவரிடம்தான் நீட்டினார். அவர் வாங்கி என் கையில் கொடுத்தார், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். "தம்பி, வீட்டில் சொன்னார்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டாயா?" என்று என் எதிரிலேயே என் கணவரைக் கேட்டார்கள். சன்ரூஃப் இல்லாதது அவர்களுக்குப் பெரிய குறையாகப் பட்டிருக்காது என்றே இப்போது தோன்றுகிறது. இதே வண்டியை என் கணவர் தேர்ந்தெடுத்திருந்தால் "கணக்கான ஆள்" என்று தோளில் தட்டியிருப்பார்கள்.

நான் கோடு போட்டு வைத்த அட்டவணைகள் பத்திரமாக இருக்கின்றன. ஆடித் தள்ளுபடியில் வண்டி எடுக்க நினைப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். என் கணவரிடம் கேட்க வேண்டாம், என்னிடமே கேளுங்கள்.