கழுத்தின் நிறம்தான் முகத்துக்கும்

மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும் வீடுகளில் பெட்டியைத் திறப்பதற்குள் ஓர் அத்தையோ சித்தியோ காதருகே வந்துவிடுவார்: "கொஞ்சம் கலராகத் தெரிகிற மாதிரி போட்டுவிடும்மா." நான் மறுத்துவிடுகிறேன். இனியும் மறுப்பேன்.

கருத்த தோலின்மேல் இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷன் என்னும் அடிப்பூச்சைப் பூசினால் முகம் சிவப்பாகாது, சாம்பல் பூக்கும். வெளிர் ஷேடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி அதிகம். அந்தப் படலத்துக்கு அடியிலிருந்து தோலின் பழுப்பு தெரியும்போது கண்ணுக்குச் சாம்பலாகத்தான் படும். அதற்கும் மேல் வெள்ளைப் பவுடர் போட்டு, மேடையில் ஃபிளாஷ் அடித்தால் முகம் தனியாகவும் கழுத்தும் கைகளும் தனியாகவும் நிற்கும். அந்த ஆல்பத்தை ஆயுள் முழுக்கப் பார்க்கப்போவது அத்தை இல்லை, அந்தப் பெண்.

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி இரண்டு மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவு செய்யவும் வேண்டாம். சில வகைகள் தோலின் எண்ணெய் பட்டுச் சற்று நேரத்தில் கருத்துவிடும். எந்தக் கோடு தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு.

கருவளையத்திலும் இதே கதைதான். கருமையை மறைக்கும் கன்சீலரை வெளிர் நிறத்தில் நேராக அப்பினால் கண்ணுக்கடியில் சாம்பல் திட்டு விழும். முதலில் ஆரஞ்சு கரெக்டரை மெல்லியதாக ஒற்றுங்கள், மாநிறமானால் பீச் போதும். ஆரஞ்சு அந்த நீலம் பாரித்த கருமையை அடக்கிவிடும். பிறகு உங்கள் நிறத்துக் கன்சீலர் கொஞ்சமாக. கன்னத்துக்கு வெளிர் ரோஜா வேண்டாம், கருத்த கன்னத்தில் அது சுண்ணாம்புபோல் படியும். செங்கல் சிவப்பும் மெரூனும் எவ்வளவு அழகாக ஏறும் தெரியுமா! மஞ்சள் வெயிலில் அந்தக் கன்னம் மின்னுவதை நான் ரசித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

2017-இல் பாடகி ரிஹானாவின் அழகுசாதன நிறுவனமான ஃபென்டி பியூட்டி 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்தது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் தன் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. கல்யாண வீட்டு அறைக்குள் மட்டும் பழைய பேச்சு அப்படியே இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கல்யாணம் நிச்சயமான பெண்களே, முகூர்த்தத்துக்கு முன்பே ஒருநாள் ட்ரயல் கேளுங்கள். போட்டு முடித்ததும் ஜன்னலோரம் போய்க் கழுத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். பொருந்தவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.