நல்ல ஏரியா எதுன்னு கேட்டது குத்தமா வே?

ஒன்றரை வருசமா ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்ல கறியும் கிடையாது, மத்தியானத் தூக்கமும் கிடையாது. காலையில எட்டு மணிக்கெல்லாம் நானும் வீட்டுக்காரியும் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு வீட்டுக்கு எடம் பாக்கக் கிளம்பிருதோம். கேடிசி நகர், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி, என்.ஜி.ஓ. காலனி, தச்சநல்லூர், பழையபேட்டை, சுத்தமல்லி. திருநெல்வேலியச் சுத்தி எங்க வண்டி டயர் படாத மண்ணு பாக்கி இல்ல. ஆனா அஞ்சு சென்ட் இன்னும் அமையல. கேட்டா, "நீ ரொம்பப் பாக்க வே, அதான் அமைய மாட்டேங்கு"ங்காவ. பாக்காம வாங்குறதுக்கு இது என்ன கத்திரிக்காயா? கத்திரிக்காயவே அமுக்கிப் பாத்துதான வாங்குதோம்!

எனக்குப் புரோக்கர் மேல கூட அம்புட்டு கோவம் இல்ல. கமிஷன் வாங்குத மனுசன், நாலு சேத்துத்தான் சொல்லுவாரு. கோவமெல்லாம் இந்த யோசனை சொல்லுத சொந்தக்காரங்க மேலயும் ஆபீஸ் அண்ணாச்சிமாரு மேலயும்தான். யார்கிட்ட கேட்டாலும் அவாள் ஏரியாதான் சொர்க்கம். மச்சான் சொல்லுதாரு, "பெருமாள்புரம், மகாராஜநகர் எல்லாம் நமக்கு எட்டாது மாப்ள, எங்க பக்கம் வந்துருங்க." ஆபீஸ்ல ஒரு அண்ணாச்சி தாழையூத்துப் பக்கம் கையக் காட்டுதாரு, "கங்கைகொண்டான் சிப்காட் இருக்கு, நாலுவழிச்சாலை இருக்கு, அஞ்சு வருசத்துல வெல எங்கயோ போயிரும்." இன்னொருத்தருக்குத் தென்காசி ரோட்ட விட்டா உலகமே இல்ல.

பொறவுதான் விசயம் வெளங்குச்சு. அம்புட்டுப் பேருக்கும் அங்கங்க ஒரு மனை சும்மா கிடக்கு! சுத்தி உடைமுள்ளு மண்டி, ராத்திரி நாய் மட்டும் காவலுக்கு. இன்னும் நாலு வீடு வந்தாத்தான் தெரு லைட்டு வரும், ரோடு வரும். அந்த நாலு வீட்ல ஒண்ணா நம்மளக் கொண்டு நட்டிரப் பாக்காவ. அவாள் தெருவுக்கு லைட் கம்பம் வாரதுக்கு நான் இருபது வருசம் பேங்க்குக்குத் தவணை கட்டணும். நல்லா இருக்கு நியாயம்.

சரி, நாமளே ஒப்பிட்டுப் பாத்துக்குவோம்னு நோட்டப் போட்டு எழுத உக்காந்தா, ஒருத்தன் சென்ட் நாலு லட்சம்ங்கான், ஒருத்தன் அடி 900ங்கான், இன்னொருத்தன் "மொத்தமா பேசி முடிச்சிரலாம் சார்"ங்கான். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. பெருக்கிப் பாத்தா முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெலதான். இதுக்குள்ள எனக்கு ஒரு வாரம் போச்சு. இதுக்கு மேல முத்திரைத் தீர்வை 7, பதிவுக்கு 2, ஆக நூத்துக்கு 9 ரூவா தனியா எடுத்து வைக்கணும். அத எந்தப் புண்ணியவானும் மொதல்ல சொல்ல மாட்டான்.

"அப்ரூவல் மனைதான சார்"னு ஒரு எடத்துல பேப்பர நீட்டினாவ. பாத்தா பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து. அந்தக் காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும். நகர் ஊரமைப்புத் துறை குடுக்குத டிடிசிபி நம்பர் எங்கன்னு கேட்டேன், "வந்துட்டே இருக்கு"ன்னாவ. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால வித்த மனைன்னா, அப்ரூவல் இல்லாததப் பொறவு சட்டப்படி ஆக்கிக்கிடுத வரன்முறைக்காவது வழி உண்டு. போன வருசம் கல்லு நட்டதுக்கு எங்கிருந்து வந்துட்டு இருக்கு? நடந்தா வருது?

தூரத்தக் கேட்டா எல்லா எடமும் ஜங்ஷன்ல இருந்து பத்து நிமிசம். நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல போனா வேணா பத்து நிமிசம். காலையில ஒம்போதரைக்கு வண்ணார்பேட்டையத் தாண்டிப் பாரு வே. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டு அடச்சு நின்ன காலத்துல அந்தப் பத்து நிமிசம் கேட்டுக்கு முன்னாலயே தீந்துரும்.

இன்னொண்ணு, சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா சொல்லியாகணும். எடத்தக் காட்ட வாரவன் மூணாவது கேள்வியா, "சாருக்கு சாஸ்தா எங்க?"ங்கான். சாஸ்தான்னா இங்க குலதெய்வம். எனக்குப் பக்தி எம்புட்டுன்னு பாக்கவா கேக்கான்? பங்குனி உத்திரத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போறோம்னு தெரிஞ்சா என்ன சாதின்னு ஆள எடை போட்டுரலாம்லா. பதிலச் சொன்னதும் ரெண்டு எடத்துல மனை திடீர்னு "வேற பார்ட்டி பேசிட்டாங்க" ஆயிருச்சு. சவம், அந்தத் தெருவே வேண்டாம்னு வந்துட்டோம்.

ஆத்துக்குக் கிட்ட ஒரு பழைய வீடு பாத்தோம். வேப்பமரம், துளசி மாடம், கெணறு. வீட்டுக்காரிக்கு அம்புட்டுப் புடிச்சுப் போச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. சுவத்துல நெஞ்சு உசரம் வரைக்கும் ஒரு வெள்ளை, அதுக்கு மேல ஒரு வெள்ளை. சுவிட்சுப் பெட்டி எல்லாம் நான் கையத் தூக்கித் தொடுத உசரத்துல. பின்வாசக் கதவு அடியில ஊறி உப்பி, சாத்தவே மாட்டேங்கு. "2023 வெள்ளத்துல தண்ணி வந்துச்சா?"ன்னு கேட்டேன். "லேசா கால் நனைஞ்சுது சார்"னாரு. அந்த டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. இங்க கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸச் சுத்தித் தண்ணி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கிக் கிடந்துச்சு. இவரு வீட்ல மட்டும் கால் நனைஞ்சுதாம்! வெளிய வந்தா பக்கத்து வீட்டு ஆச்சி, வெத்தலைய மென்னுக்கிட்டே, ஒண்ணும் பேசாம கையத் தன் நெஞ்சுக்கு நேரா வச்சுக் காட்டினாவ. ஒன்றரை வருசத்துல எங்ககிட்ட உண்மையச் சொன்ன ஒரே ஆளு அந்த ஆச்சிதான்.

அன்னையில இருந்து வீட்டுக்காரி ஒரு காரியம் பண்ணுதா. எந்த ஏரியாவுக்குப் போனாலும் காலி பாட்டிலோட போறா. ஏற்கனவே குடியிருக்கவங்க வீட்டுக் கதவத் தட்டி, "ஆத்துத் தண்ணி வருதாக்கா, போர் தண்ணியா?"ன்னு கேட்டு, போர்னா ஒரு பாட்டில் புடிச்சுட்டு வந்துருதா. அடுப்படித் திண்டுல இப்ப அஞ்சு பாட்டில் பேரு எழுதி வரிசையா நிக்கு. வாரத்துக்கு ஒண்ணுல துவரம்பருப்பு வேக வைக்கா. போன வாரத் தண்ணியில எட்டு விசில் வச்சும் பருப்பு கல்லு மாதிரி கிடந்துச்சு. பாட்டிலத் திருப்பிப் பேரப் பாத்தா, மச்சான் மனை கிடக்குத ஏரியா. இத அவருகிட்ட நீ சொல்லுதியா நான் சொல்லட்டுமான்னுதான் ரெண்டு நாளா வீட்ல சண்ட.