வெண்மணியைக் காட்டி ‘எல்லாம் மதத்தால்தான்’ என்பது சரியா?

‘மதம் இல்லாவிட்டால் கொலையே இருக்காது; கீழ்வெண்மணியே சாட்சி’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி டெல்டாவில் சுற்றுகிறது. தவறு.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிறிஸ்துமஸ் இரவு என்பதால் மதச்சண்டை என்று நினைக்க வேண்டாம். தகராறு கூலி நெல்லுக்கு: கூலியாட்கள் அரைப்படி கூடக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை, அதாவது கம்யூனிஸ்டுகளின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை, விட மறுத்தார்கள். எதிரே நின்றது நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். எரிக்கப்பட்டவர்கள் தலித் விவசாயக் கூலிகள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அதற்காக மதத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. தீண்டாமைக்குச் சாஸ்திரத்தைத் துணைக்கு இழுத்தவர்கள் உண்டு. அதை மறைப்பதும் பொய்தான். ஆனால் மதம் கடந்த நட்பும் அதே மண்ணில் உண்டு: நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவை (கோபுரத்தை) கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராத்திய இந்து மன்னர் பிரதாப சிங்.

இப்படிச் செய்தி வந்தால் முதலில் தகராறு எதற்கு என்று பாருங்கள்: நிலமா, கூலியா, வாய்க்கால் தண்ணீரா, கோயில் மரியாதையா. பிறகு ஆள் திரட்டியது யார், லாபம் யாருக்கு. ‘மதம்’ என்ற ஒற்றைச் சொல் கொலைகாரனின் பெயரை மறைத்துவிடுகிறது.