ஆறு டீ

(அண்ணா சாலையை ஒட்டிய ஒரு பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், இரண்டாவது மாடி. வரிசையாக ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. அவற்றில் ஒட்டிய 'வாடகைக்கு' தாள்களும் வெளுத்துவிட்டன. நடுவில் தாமோதரனின் சூட்கேஸ் கடை மட்டும் திறந்திருக்கிறது. மாலை நான்கு மணி. டீ கேனோடு முனுசாமி எஸ்கலேட்டரில் ஏறி வருகிறார். நடந்துதான். அது ஓடுவதில்லை.)

முனுசாமி: அண்ணே, டீ. இன்றைக்கு இந்த மாடிக்கு ஆறு.

தாமோதரன்: நேற்று ஏழு இல்லையா?

முனுசாமி: ஜெராக்ஸ் கடைக்காரர் காலி செய்துவிட்டார். இப்போது உங்களுக்கு ஒன்று, தையல்காரருக்கு ஒன்று, வாட்ச்மேன் இரண்டு பேர், எலக்ட்ரீஷியன், அப்புறம் நான்.

தாமோதரன்: நீ விற்கிற டீயை நீயே குடித்துவிட்டு, அதையும் கணக்கில் சேர்க்கிறாயா?

முனுசாமி: ஆறு என்று நினைத்தால்தான் எனக்கே மாடி ஏற மனசு வருகிறது.

தாமோதரன்: எஸ்கலேட்டரே ஓடாத இடத்தில் எலக்ட்ரீஷியன் எதற்கப்பா?

முனுசாமி: 'பழுது' என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதற்கு மேலே ஒரு லைட் எரிகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறார்.

தாமோதரன்: 1994-ல் இந்த மாடிக்கு மட்டும் எத்தனை டீ ஊற்றினாய்?

முனுசாமி: எண்பது! கேனை நிரப்ப இரண்டு தடவை கீழே ஓடுவேன். அப்போது எஸ்கலேட்டர் ஓடியது, நான் படியில் ஏறினேன். பயம். இப்போதுதான் தைரியமாக இதில் ஏறுகிறேன்.

தாமோதரன்: உனக்கு மட்டுமா பயம்? வெளியூர் அம்மாக்கள் எல்லாம் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் முதல் காலை வைப்பார்கள். பட்டணம் பார்க்க வந்தால் செத்த காலேஜ் என்கிற மியூசியம், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை, மெரினா, அப்புறம் ஸ்பென்சர் பிளாசா எஸ்கலேட்டர். வந்த காலோடு நம் பக்கமும் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

முனுசாமி: இப்போது நம் காம்ப்ளெக்ஸே செத்த காலேஜ்தான் அண்ணே. வாசலில் டிக்கெட் போட்டால் இதைவிடக் காசு வரும்.

தாமோதரன்: வரும். முதல் கண்ணாடிப் பெட்டியில் என்னை வைப்பார்கள்.

முனுசாமி: எஸ்கலேட்டரைச் சரி செய்ய மீட்டிங் போட்டீர்களே, என்ன ஆயிற்று?

தாமோதரன்: இங்கே அன்றைக்கே ஒவ்வொரு கடையையும் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். இருநூறு கடைக்கு இருநூறு முதலாளி. ஒருவர் துபாயில், ஒருவர் அண்ணன் தம்பி கேஸில். தரைத்தளக்காரர் எழுந்து, "நான் மாடிக்கே வருவதில்லை, எனக்கு ஏன் எஸ்கலேட்டர் செலவு?" என்கிறார். ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாதிரி பெரிய மால்கள் எல்லாம் அப்படியா? கட்டடம் ஒரே கையில் இருக்கிறது, கடைகள் வாடகைக்கு. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள். இங்கே பல் டாக்டருக்குப் பக்கத்தில் அல்வாக் கடை.

முனுசாமி: அது நல்ல யோசனைதானே? இரண்டு பேருக்கும் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

தாமோதரன்: ...அதுவும் சரிதான்.

முனுசாமி: என் கணக்கு வேறு அண்ணே. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தார்கள், எனக்குப் பத்து டீ போயிற்று. 2013-ல் வேளச்சேரி, வடபழனி மால்கள், இன்னொரு பதினைந்து. நடுவில் மெட்ரோவுக்குத் தோண்டினார்கள்.

தாமோதரன்: தோண்டி முடிக்கும் வரை சாலையைத் தாண்டி இங்கே யாராலும் வர முடியவில்லை. 2019-ல் ரயில் விட்டார்கள். இப்போது ஜனங்கள் நம் காலுக்குக் கீழேயே போய்விடுகிறார்கள்.

முனுசாமி: தோண்டினபோது அந்த ஆட்களாவது டீ குடித்தார்கள்.

தாமோதரன்: பெரிய மால்கள் எடுத்ததுபோக மிச்சத்தைப் போன் எடுத்துக்கொண்டது. வருவார்கள். பெட்டியை இழுத்துப் பார்ப்பார்கள், சக்கரத்தைச் சுற்றுவார்கள், நம்பர் பூட்டில் பையனின் பிறந்த தேதியைக்கூடப் போட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் என் கண் முன்னாலேயே ஒரு போட்டோ. "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்." வீட்டுக்குப் போகிறார்களோ இல்லையோ, பெட்டி போய்விடுகிறது. வேறு எங்கிருந்தோ.

முனுசாமி: பாவம் அண்ணே நீங்கள். பார்க்கிறதுக்குக் காசு வாங்கலாம் என்றேனே, கேட்டீர்களா?

தாமோதரன்: அமெரிக்காவிலேயே மால்கள் பூட்டிக் கிடக்கின்றனவாம், என் பையன் சொன்னான். 1956-ல் மினியாபொலிஸ் பக்கத்தில் விக்டர் க்ரூயன் என்கிறவர்தான் முதல் மாலைக் கட்டினாராம்.

முனுசாமி: பூக்கட்டுகிறவரா?

தாமோதரன்: ஷாப்பிங் மாலப்பா! முழுக்க மூடி, ஏசி போட்டு, சவுத்டேல் என்று பேர். அவர் வியன்னாக்காரர். அவர் ஊர் மாதிரி ஜனங்கள் நடந்து, உட்கார்ந்து, பேசிக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். ஆனால் கட்டினவர்கள் எல்லாம் சுற்றிலும் கார் நிறுத்த இடம் போட்டதோடு சரி. மனிதர் வெறுத்துப்போய் வியன்னாவுக்கே திரும்பி, கடைசியில் "இதெல்லாம் நான் பெற்ற பிள்ளைகளே இல்லை" என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்.

முனுசாமி: உட்கார்ந்து பேசத்தானே? டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தால் முடிந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

தாமோதரன்: உனக்கு எல்லாமே டீதான்.

முனுசாமி: ஆனால் ஜனங்கள் கடைக்கே போவதில்லை என்று சொல்லாதீர்கள். போன ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். நடக்கவே இல்லை அண்ணே, நின்றேன். கூட்டம் என்னைக் கொண்டுபோய் மாம்பலம் ஸ்டேஷனில் விட்டுவிட்டது. துணி எடுக்கத்தான் போனேன். திரும்பி உள்ளே போக முடியவில்லை.

(ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு டெலிவரி பையன் மூச்சிரைக்க வருகிறான். கையில் பெரிய அட்டைப் பெட்டி. தாமோதரன் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்கிறான். தாமோதரன் குரலைத் தாழ்த்தி, கோயிலில் நட்சத்திரம் சொல்வதுபோல நான்கு எண்களைச் சொல்கிறார்.)

முனுசாமி: தம்பி, ஒரு டீ குடி. ஏழு! அது இருக்கட்டும், பெட்டியில் என்ன அண்ணே?

தாமோதரன்: ஒன்றும் இல்லை.

முனுசாமி: மேலே படம் போட்டிருக்கிறதே. சூட்கேஸ்! சூட்கேஸ் கடைக்கு ஆன்லைனில் சூட்கேஸா?

தாமோதரன்: மெதுவாகப் பேசு! மொத்த வியாபாரி இதை எனக்கு 2,400 ரூபாய்க்குக் கொடுக்கிறார். இதில் ஆஃபர் போட்டு 1,999. கொண்டுவந்து மாடி ஏற்றித் தருகிறார்கள். மொத்த வியாபாரி போனைக்கூட எடுப்பதில்லை. நான் என்ன செய்ய?

முனுசாமி: அப்படியென்றால் நீங்கள் கடைக்காரரா, கஸ்டமரா?

தாமோதரன்: காலையில் கடைக்காரர். ராத்திரி பத்து மணிக்கு மேல் கஸ்டமர்.

(படியில் செருப்புச் சத்தம். ஓர் அம்மாள் வருகிறார். இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். எலக்ட்ரீஷியனும் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். அம்மாள் போனை நீட்டுகிறார்: இதே பெட்டி, இதே நீலம் வேண்டும். ராத்திரி எழும்பூரில் ரயில், பார்சல் வர இரண்டு நாள் ஆகுமாம்.)

தாமோதரன்: இருக்கிறதும்மா! இப்போதுதான்... உள்ளே ஸ்டாக்கிலிருந்து எடுக்கிறேன். முனுசாமி, கொஞ்சம் நகர்ந்து நில். இல்லை, நகராதே, அங்கேயே நில்!

(முனுசாமி கேனை இடுப்பில் வைத்து அகலமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் டேப் கிழிகிற சத்தம். டெலிவரி பையன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். முனுசாமி அதில் ஒரு பட்டர் பிஸ்கட்டை வைத்துவிடுகிறார்.)

முனுசாமி: எலிம்மா. பழைய கட்டடம் பாருங்கள்.

(நீலப் பெட்டி வெளியே வருகிறது. தாமோதரன் 2,700 என்கிறார். அம்மாள் போனைத் திருப்பி 1,999 என்று காட்டுகிறார்.)

தாமோதரன்: உண்மைதான்மா. அந்த விலைக்கு அவர்களிடம் வாங்குங்கள், பெட்டி நாளை மறுநாள் வரும். நீங்கள் ஊரில் இருப்பீர்கள், பெட்டி இங்கே இருக்கும்.

(2,500-க்கு முடிகிறது. அம்மாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்.)

முனுசாமி: நாலரை மணிக்குப் போணி! டீ பாக்கியை அப்புறம் பேசிக்கொள்வோம் அண்ணே.

(அம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு அடி போய்த் திரும்புகிறார். பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார். தாமோதரன் காலடியில் கிடக்கும் அட்டையிலிருந்து ரகசியமாகப் பில்லை எடுத்துப் படிக்கிறார்.)

தாமோதரன்: தாராளமாகம்மா. பத்து நாளைக்குள் கொண்டு வாருங்கள்.

முனுசாமி (காதருகே): எட்டு என்று சொல்லுங்கள் அண்ணே. அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போக இரண்டு நாள் வேண்டாமா?