தள்ளுபடி இலவசமில்லை

நம் மேல் போட்ட குற்ற வழக்கு தள்ளுபடி என்று நீதிபதி சொல்லி, நிம்மதிப் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் நீதிமன்றச் செலவைக் கட்டச் சொல்கிறார்கள். வழக்கை நானா போட்டேன்? அமெரிக்காவில் பல இடங்களில் இன்னும் சாமர்த்தியம்: செலவைக் கட்டினால்தான் தள்ளுபடி என்றே பேரம் பேசுகிறார்கள். மறுத்தால் விசாரணை, மறுபடி வழக்கறிஞர் கட்டணம், மறுபடி சம்பளமில்லா விடுப்பு. யார்தான் மறுப்பார்கள்?

கொலராடோ மாநிலம் இதில் ஒரு படி மேலே போனது. தண்டனை ரத்தானவர்கள், அந்தத் தண்டனைக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தனியாக வழக்குப் போட்டு நிரபராதி என்று நிரூபித்துவிட்டு வரச் சொன்னது. (நிரபராதி என்று கருதுவதுதான் சட்டத்தின் அரிச்சுவடி என்று படித்த ஞாபகம்!) 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அது செல்லாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு தண்டனை ரத்தானவர்களுக்கு. பேரம் பேசித் தள்ளுபடி வாங்கியவன், தானே சம்மதித்துக் கட்டியவன் ஆயிற்றே! பல மாநிலங்களில் அவனுடைய பெயர் வழக்குப் பதிவேட்டிலும் அப்படியே கிடக்கிறது. அதை நீக்க மனுப் போட வேண்டும். சில இடங்களில் அதற்கும் கட்டணம் உண்டு.